செல்போன் கோபுரமும் அம்மாவின் தலைவலியும்

கேள்வி: தெருமுனைக் கட்டடத்தில் செல்போன் கோபுரம் வைத்ததிலிருந்து என் அம்மாவுக்கு (58) தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை. ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறார். பேரனைத் தெருவில் விளையாட விடுவதில்லை. எவ்வளவு சொல்லியும் பயம் போகவில்லை. என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: ‘எல்லாம் வெறும் மனப்பிரமை’ என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் தலைவலி உண்மையானது. முதலில் இரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின், கண் பார்வை ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். கோபுரத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்து, எளிதில் குணமாகக்கூடிய நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

கோபுரத்தின் அலைகளுக்கு எக்ஸ்-ரேயைப் போல மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் கிடையாது. தூரம் கூடக்கூட அவை வேகமாக வலுவிழக்கும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அனுமதிக்கப்படும் அளவு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அதற்கு முக்கிய அடிப்படை, காதோடு வைத்துப் பேசும் செல்போன் பற்றிய ஆய்வுகள். அவற்றின் சான்றும் வலுவானதல்ல என்று அந்த முகமையே கூறியது. ஜன்னலில் ஒட்டிய தாளால் வீட்டுக்குள் சிக்னல் குறைந்தால், கையிலுள்ள போன்தான் கூடுதல் திறனில் அலைகளை வெளியிடும்.

அலைகளால் உடல் பாதிக்கிறது என்று நம்புகிறவர்களை வைத்து, அலைகளை வெளியிடும் கருவி இயங்குகிறதா இல்லையா என்று சொல்லாமல் பல சோதனைகள் நடந்துள்ளன. 725 பேர் பங்கேற்ற 31 சோதனைகளை 2005இல் ஒருசேர ஆராய்ந்தபோது, அவர்களால் அலைகளை உணர முடிகிறது என்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை. கருவி இயங்காதபோதும் சிலருக்குத் தலைவலி வந்தது. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலை அப்படி வருத்தும்.

ஆனால் இந்த விவரங்களைத் தினமும் அம்மாவிடம் வாதாடாதீர்கள். வாதம் வளர்ந்தால் பயமும் வளரும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் கட்டணம் செலுத்தினால் அலையின் அளவைச் சோதித்துத் தருவார்கள். அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு ஒரே ஒருமுறை அளக்கச் செய்யுங்கள். பிறகு தாள்களை ஒவ்வொரு ஜன்னலாக, அவர் கையாலேயே, அவர் சம்மதித்த நாளில் எடுக்கட்டும். பேரனும் முதலில் பத்து நிமிடம் வெளியே விளையாடட்டும். கதிர்வீச்சு பற்றிய வாட்ஸ்அப் காணொளிகளை இரவில் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு உதவும். கோபுர பயத்துக்காக என்று சொன்னால் வர மறுப்பார். தூக்கம் கெட்டிருப்பதற்காக என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.