வாசகர் கேள்வி பதில்: வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்தக் கருவி உதவும்?

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். வீட்டில் மொரீஷியஸின் கிரியோல் மொழியும் கொஞ்சம் தமிழும் பேசுகிறோம். அறிவியல் கேள்வியை நான் வாசித்துச் சொன்னால் உடனே விடை சொல்கிறான். தானே வாசித்தால் பாதி வரியில் நின்றுவிடுகிறான். தமிழ் வகுப்பிலும் எழுத்துகள் மாறிப்போகின்றன. தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தை மட்டும் கவனிக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். இவனுக்காக விலை உயர்ந்த டேப்லெட் ஒன்று வாங்கலாமா?
- ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: சகோதரி, பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் வாசித்தால் அவன் விடை சொல்கிறான் என்றால், பொருளை உணர்வதில் அவனுக்குக் குறை இல்லை. எழுத்தை ஒலியாக மாற்றும் வேலையிலேயே அவன் களைத்துப்போகிறான் என்று தோன்றுகிறது. இது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதைக் கல்வி உளவியலாளர் ஒருவர்தான் சோதித்து உறுதி செய்ய வேண்டும். சோம்பல் என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம். தேவையானவற்றில் பெரும்பாலானவை உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குச் சென்றால், திரையில் தொட்ட எழுத்தை வாசித்துச் சொல்லும் 'செலக்ட் டு ஸ்பீக்' கிடைக்கும். ஐபோனில் அதே போன்ற வசதி 'ஸ்பீக் ஸ்கிரீன்'. மொரீஷியஸ் கல்வி நிறுவனம் தன் பாடநூல்களைப் பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றைக் கணினியில் எட்ஜ் உலாவியில் திறந்தால், 'ரீட் அலவுட்' வசதி வாசித்துக்கொண்டே வரும். வாசிக்கும் சொல் நிறம் மாறித் தெரியும். இணையப் பக்கங்களுக்கு அதே உலாவியில் 'இம்மெர்சிவ் ரீடர்' இருக்கிறது: அது எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டும், ஒரு வரியை மட்டும் காட்டி மற்றவற்றை மங்கச் செய்யும், ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்தும் காட்டும். இவை அனைத்தும் இலவசம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் வாசிக்கவே பழகமாட்டானே என்று நீங்கள் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் இரண்டு நேரங்களையும் கலக்காமல் வைக்கச் சொல்கிறேன். அறிவியலும் வரலாறும் படிக்கும்போது கருவி வாசிக்கட்டும், அவன் கண்ணால் சொல்லைத் தொடரட்டும்; ஏனெனில் அப்போது அவன் கற்க வேண்டியது அந்தப் பாடத்தை. வாசிப்புப் பயிற்சிக்கென்று நாளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாக ஒதுக்கி, அப்போது கருவியை மூடிவிட்டு, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து ஒலியையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். முன்பு ஒரு மாணவனுக்கு நான் ஒரே வாரத்தில் ஐந்து செயலிகளைக் கொடுத்துப் பார்த்தேன்; அவன் ஐந்தையும் கைவிட்டான். ஒன்றைக் கொடுத்து ஒரு மாதம் பார்ப்பதே நல்லது என்பதை அவனிடமிருந்துதான் கற்றேன்.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அண்மையில் ஒரு சிறுவன் என் மேசையில் 'கொடி' என்ற சொல்லை வாசித்தான். முதலில் ஒற்றைக்கொம்பைக் கண்டான், பிறகு ககரத்தைக் கண்டான், 'கெ' என்றான். அதன்பின் துணைக்கால் வந்ததும் திகைத்து, 'கெஆடி' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் பிழை செய்யவில்லை, கண்ணில் பட்ட வரிசையில் வாசித்தான். காதில் க் முதலில், ஒ பிறகு. தாளிலோ கொம்பு முதலில் நிற்கிறது, கால் கடைசியில் நிற்கிறது. இந்த இடத்தில் தமிழ் 99 விசைப்பலகை பெரிய உதவி. அதில் ககரத்தை அழுத்திப் பிறகு ஒகரத்தை அழுத்தினால் 'கொ' தானே உருவாகும். பிள்ளை ஒலியின் வரிசையிலேயே எழுதுகிறான், கொம்பும் காலும் தம் இடத்தில் தாமே வந்து அமர்வதைக் கண்ணெதிரே பார்க்கிறான். ஐபோனில் இந்த விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'செல்லினம்' செயலியில் கிடைக்கும். பத்துச் சொற்களை இப்படித் தட்டிய பின் அவற்றையே கையால் எழுதச் சொல்லுங்கள்.

விடை தெரிந்தும் எழுத முடியாமல் தவிக்கும்போது குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாம். கூகுள் விசைப்பலகையில் 2017 முதல் தமிழுக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் ல, ள, ழ வேறுபாடு நம் பிள்ளைகளின் பேச்சில் தெளிவாக இராததால் கருவி தவறாக எழுதக்கூடும். எழுதியதைக் கைபேசியையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துவது நல்ல பழக்கம்.

தமிழை நிறுத்தச் சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல மொழி பேசுவதால் இந்தக் குறைபாடு உண்டாவதில்லை. ஒரு மொழியை எடுத்துவிட்டால் அது தீர்வதும் இல்லை. பாட்டியிடம் கதை கேட்கும் மொழியையும் விளையாட்டுத் தோழனுடன் பேசும் கிரியோலையும் பறித்தால், அவனிடம் மீதியிருக்கும் பலமும் போய்விடும்.

இன்னொன்று: தேர்வு நெருங்கும்வரை காத்திராமல், மதிப்பீட்டு அறிக்கையுடன் இப்போதே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மொரீஷியஸ் தேர்வுக் கழகம் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறது. அதற்குப் பள்ளியின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு வயது. செவிப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. ஆனால் "பையை வைத்துவிட்டுக் கை கழுவி வா" என்றால் பையோடு நின்றுவிடுகிறாள். காதில் பொருத்தும் கருவி பயன்படுமா?
- ஒரு தாத்தா, டேர் ரூஜ்

பதில்: ஐயா, வகுப்பறை இரைச்சலில் மட்டும் தடுமாறும் பிள்ளைகளுக்கு அத்தகைய கருவி ஒன்று உண்டு: ஆசிரியர் சட்டையில் சிறு ஒலிவாங்கியை அணிவார், அவர் குரல் பிள்ளையின் காதிலுள்ள ஏற்பிக்கு நேராகச் செல்லும். ஆனால் உங்கள் பேத்தி அமைதியான வீட்டிலும் தவறவிடுகிறாள் என்றால், கேட்டதைப் பொருளாக்கி நினைவில் நிறுத்துவதில் சிக்கல் இருக்கலாம். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு எனப்படும் இது அரிதானதன்று. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கும். ஒலியைக் கூட்டுவதால் இது தீராது. முதலில் பேச்சு-மொழிச் சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் எந்த மொழி எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் கைபேசியின் படக்கருவி போதும். பை வைக்கும் இடம், குழாய், சாப்பாட்டு மேசை ஆகிய மூன்றையும் படமெடுத்து வரிசையாக அச்சிட்டுக் கதவருகில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லி, படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். வகுப்பில் சொல்லப்போகும் கதையை முந்தைய மாலையே உங்கள் குரலில் பதிந்துவைத்து, அவள் விரும்பும் இடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்கவிட்டால், மறுநாள் கேள்விக்குக் கை தூக்கும் துணிவு அவளுக்கு வரும்.

கேள்வி: டிஸ்லெக்சியாவுக்கென்றே உருவாக்கிய எழுத்துருவும் வண்ணத் தாளும் பயன் தருமா?
- ஒரு தமிழாசிரியை, கத்ர் போர்ன்

பதில்: அம்மா, 'ஓப்பன் டிஸ்லெக்சிக்' போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துக்காக வரையப்பட்டவை. ஆங்கிலத்தில்கூட அவை வாசிப்பை விரைவாக்கியதாக ஆய்வுகள் காட்டவில்லை. வண்ணத் தாளுக்கும் தக்க சான்று இல்லை. பிள்ளை விரும்பினால் தடுக்க வேண்டாம், ஆனால் பணம் செலவிட வேண்டாம். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது மட்டும், இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், வாசிப்பை மேம்படுத்தியது. உங்கள் பயிற்சித் தாளில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஐந்தாறு சொற்களோடு நிறுத்துங்கள். இடைவெளியைக் கூட்டிய பின், அச்சிடும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்: கொம்போ காலோ தன் எழுத்தைவிட்டு விலகி நின்றால், அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.