விருதும் இல்லை, கட்டுரையும் வரவில்லை: சாதனைக் குறிப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: பல்கலைக்கழக ஃபெலோஷிப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. உவர் மண்ணில் பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் ஏன் குறைகின்றன என்பது என் தலைப்பு. ஃபெலோஷிப் பெற்றவர்களின் சாதனைகளை ஆண்டறிக்கையில் போட ஆளுக்கு 150 சொற்கள் கேட்கிறார்கள். என் ஒரே கட்டுரை ஐந்து மாதமாக மதிப்பாய்வில் கிடக்கிறது. முதல் வருடம் வளர்த்த செடிகள் எல்லாம் செத்துப்போயின. விருது கிருது ஒன்றும் இல்லை. என்ன எழுதட்டும்?

பதில்: அந்தப் பத்தியை யார் படிப்பார்கள் என்று முதலில் யோசியுங்கள். பணம் கொடுத்தவர்கள், நிதிக்குழு, அடுத்த வருடம் விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள். உங்கள் துறைக்காரர்கள் அதில் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். இந்த மாதிரிக் குறிப்புகளைப் பல வருடம் வாங்கித் திருத்தியவன் நான். பெரும்பாலானவை இப்படித்தான் வரும்: 'மண் நுண்ணுயிரியல் துறையில் சிறப்பான பங்களிப்பு செய்துள்ளார். பல மாநாடுகளில் கலந்துகொண்டுள்ளார்.' பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

உங்களுடையதை இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: 'உப்பு ஏறிய மண்ணில் பயறுச் செடியின் வேரில் முடிச்சு குறைகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியாக்கள் அந்த முடிச்சில்தான் வாழ்கின்றன. எந்த அளவு உப்பில் இந்த உறவு முறிகிறது என்று தேடுகிறேன்.' அப்புறம் நீங்கள் செய்தது, கண்டது, கட்டுரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. அவ்வளவுதான்.

செத்த செடிகளை ஏன் மறைக்க வேண்டும்? எந்த அளவுக்கு மேல் உப்பு போனால் செடி தாங்காது என்பது அந்த வருடத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்குமே! அந்த எண்ணை வைத்துத்தானே இரண்டாம் வருடச் சோதனையைத் திட்டமிட்டிருப்பீர்கள்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஆய்வகத்தில் அடுத்து வருபவர் அதே தொட்டிகளில் அதே உப்பைக் கொட்டி ஒரு வருடத்தைத் தொலைக்க மாட்டார் அல்லவா, அதுவும் கணக்கில் சேரும். பரிதாபத்துக்காக மட்டும் எழுதாதீர்கள். 'பல தடைகளைத் தாண்டி' என்ற சொல்லைக் கண்டாலே நான் அடித்துவிடுவேன்.

கட்டுரை விஷயத்தில் சொல் சுத்தமாக இருக்க வேண்டும். 'அனுப்பப்பட்டது', 'மதிப்பாய்வில் உள்ளது', 'திருத்தத்துக்கு வந்துள்ளது', 'ஏற்கப்பட்டது', 'வெளியானது' எல்லாம் வேறு வேறு. மதிப்பாய்வில் இருப்பதை 'வெளிவர உள்ளது' என்று எழுதினால், நாளை நிராகரிக்கப்படும்போது அச்சில் இருக்கும் பொய் உங்கள் பெயரில் நிற்கும். மதிப்பாய்வில் இருக்கும்போது ஆய்விதழின் பெயரையும் சொல்லாமல் விடுவதே நல்லது. கையில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், இதழின் விதியும் உடன் எழுதியவர்களும் சம்மதித்தால், முன்பதிப்பாக, அதாவது மதிப்பாய்வு முடியும் முன்பே எல்லோரும் படிக்கும்படி இணையத்தில், போடலாம். இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்சிவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் செய்வதுதான். உயிரியலுக்கு 2013இல் அதே மாதிரி பயோஆர்க்சிவ் (bioRxiv) வந்தது.

இம்பேக்ட் ஃபேக்டரை எழுதாதீர்கள். அது ஆய்விதழின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதன் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பெண் இல்லை. ஆய்வாளரை அந்த எண்ணால் அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமே சொல்கிறது.

கூட்டு வேலையில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் கூச்சப்படும் இடம் இதுதான். வானியலாளர் ஜோசலின் பெல் பர்னலை நினைத்துக்கொள்ளுங்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. ரேடியோ தொலைநோக்கி கட்டும் வேலையிலும் கை கொடுத்தவர். அதிலிருந்து தினமும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு வந்து விழும் வரைபடத் தாளைக் கண்ணால் பார்த்து, அதில் ஒட்டாத ஒரு சிறு கிறுக்கலைப் பிடித்தார். அதுதான் முதல் பல்சார், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன். 1974 நோபல் பரிசில் அவர் பெயர் இல்லை. அவருடைய நெறியாளர் பெயர் இருந்தது. 2018இல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார். இன்று 'தாளைப் பார்த்தது நான்' என்று சொல்ல வழி இருக்கிறது: கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் (CRediT) என்ற முறையில் சோதனை நடத்தியது, நிரல் எழுதியது, தரவைப் பராமரித்தது என்று 14 பங்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவதை எடுத்து வெளிப்படையாக எழுதுங்கள். முடிச்சு எண்ண நீங்கள் எழுதிய சின்ன நிரலை ஆய்வகத்தில் வேறு யாராவது பயன்படுத்தினால் அதையும் விடாதீர்கள்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் இல்லையென்றால் இன்றே எடுத்துவிடுங்கள், இலவசம்தான். கட்டுரையின் நன்றியுரையில் ஃபெலோஷிப்பின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் மறந்துபோகும் வரி அது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆண்டறிக்கை பொதுவெளியில் வைக்கப்படும் ஆவணம். தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா வகை எதையாவது கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமை கேட்கும் யோசனை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் விவரத்தை அச்சில் விடுவது பல நாடுகளில் அந்த உரிமையையே கெடுத்துவிடும். அந்த வரியை மட்டும் நெறியாளரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.