நர்சம்மாவிடம் கேளுங்கள்: குடும்பக் கட்டுப்பாடு

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

ஏரியூர் வாசகி: முதல் பிரசவம் ஆகியிருக்கிறது. காப்பர்-டி போட்டால் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறார் மாமியார்.

ஏறாது தாயி. கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் ஆறு வாரம் கழித்து. 10 வருடம் வரை தாங்கும், வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம். முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம். ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி இருக்கிறது.

பாலக்கோடு: இரண்டும் பெண். மூன்றாவது என்னவென்று எங்கே ஸ்கேன் பார்க்கலாம்?

சொல்ல மாட்டேன். 1994 சட்டப்படி அது குற்றம். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் தருமபுரி மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்ததே, அது போதாதா? குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவால் வருவது. அதற்கு மனைவியைத் திட்டாதீர்கள்.

அஞ்செட்டி: மனைவிக்கு இரண்டு சிசேரியன். நான் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? கல் உடைக்கிற வேலை.

தாராளமாக. இப்படி ஒரு ஆண் கேட்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வயிற்றைத் திறப்பதில்லை, தையலும் இல்லை, மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடியும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் பாரம் தூக்காதீர்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மூன்று மாதம் ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகே நிறுத்தலாம்.

அரூர்: நர்சம்மா, ஆம்பளைக்குச் செய்தால் வலு போய்விடும். பெண்ணுக்கே செய்துவிட்டால் என்ன?

வலு போகாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறோம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் எப்போதும்போல் கலக்கும்.

தேன்கனிக்கோட்டை: எங்கள் ஊரில் ஒருவர் செய்துகொண்டு படுத்துவிட்டாரே?

அரூர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

இதே பேச்சு மறுபடியுமா? படுத்தவருக்கு வேறு என்ன நோய் என்று டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அரூர் தம்பி, பிள்ளை சுமந்தவள் அவள், பெற்றவள் அவள், களை எடுக்கப் போகிறவளும் அவள். ரத்தம் குறைந்த உடம்பில் ஆபரேஷனும் அவளுக்கேவா? உங்கள் மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு? தெரிந்துகொண்டு வந்து பேசுங்கள்.

தளி: ஆண்களுக்கு வலு குறையுமா?

மேலே அரூர் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நல்லம்பள்ளி: 16 வயது மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது.

18 ஆகும் முன் கூடாது. பள்ளிக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளையே இதைப் படித்தால், குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய், கண்ணு.