அம்மாவுக்கு கீமோ தொடங்கப்போகிறது. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, தொற்று வராமல் எப்படித் தடுப்பது?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் முதல் கீமோ என்று எழுதியிருக்கிறீர்கள். "நர்ஸ் நிறைய நேரம் பேசினார், தாளும் கொடுத்தார், வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நினைவில்லை" என்ற வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். பயத்தில் இருக்கும் மனதில் புதுத் தகவல் தங்குவது கஷ்டம். உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். திரும்பக் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். ஒரே விஷயத்தை எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

கீமோ மருந்து ஏறும் நேரம் சில மணி நேரம்தான். அப்போது நாங்கள் பக்கத்தில் இருப்போம். ஆனால் பெரிய ஆபத்துகள் பெரும்பாலும் தலைகாட்டுவது வீட்டில், அதுவும் நாள்கள் கழித்து. முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். அதனால் வீட்டில் இருப்பவருக்கு எப்போது போன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பது மருந்துக்குச் சமமான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் இருக்கும் என்றால், அது காய்ச்சலாக இருக்கட்டும்.

கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்கள் மட்டும் அல்ல, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் அடிவாங்கும். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற வகைதான் பாக்டீரியாவை எதிர்க்கும் முதல் படை. பல கீமோ மருந்துகளில் அதன் எண்ணிக்கை மருந்து ஏறிய 7 முதல் 14 நாள்களுக்குள் அடிமட்டத்துக்கு வரும், அப்புறம் மெல்ல ஏறும். வார்டில் "கவுன்ட் இறங்கிடுச்சு" என்று நாங்கள் பேசிக்கொள்வது இதைத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் தொற்று அபாயம் மிக அதிகம்.

இதில் குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் நாலைந்து நாள் குமட்டல், சோர்வு என்று எல்லோரும் அம்மாவைச் சுற்றியே இருப்பார்கள். இரண்டாவது வாரம் அவர் எழுந்து உட்காருவார், சாப்பிடுவார், முகம் தெளியும். "அப்பாடா, தாண்டிவிட்டோம்" என்று வீடு தளர்ந்துவிடும். உண்மையில் கவுன்ட் மிகக் குறைவாக இருப்பது அந்த நாள்களில்தான். மருந்து ஏறிய தேதியை நாள்காட்டியில் குறித்து, ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வாய் வழியே பார்க்கும் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கூப்பிட வேண்டும். உங்கள் மருத்துவமனை கொஞ்சம் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். காய்ச்சல் இல்லாமல் உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம் வந்தாலும், திடீரென்று மந்தமாகி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலும் கூப்பிடுங்கள். கவுன்ட் இல்லாத நேரத்துக் காய்ச்சலில், நோயாளி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. போன உடனேயே "கீமோ எடுக்கிறார், கடைசியாக இந்தத் தேதியில்" என்று சொல்லுங்கள். வரிசையில் காத்திருக்க வேண்டாம்.

முக்கியமாக, தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று அப்படியே உள்ளே வளரும். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் காய்ச்சலை மறைக்கக்கூடும். அதனால் எண் சரியாக இருந்தும் ஆள் சரியாக இல்லை என்று தோன்றினால் உங்கள் கண்ணை நம்புங்கள். ஆசனவாய் வழியே தெர்மாமீட்டர், எனிமா எதுவும் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏற வழி கிடைத்துவிடும்.

இன்னொன்று, பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கவுன்ட் இல்லாதவரின் புண்ணில் சீழ் இருக்காமல் போகலாம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். படை இல்லாத இடத்தில் சீழ் எங்கிருந்து வரும்? மார்பில் போர்ட் (மருந்து செலுத்தத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைத்த இடத்தை நான் தினமும் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, ஆனால் ஒரு ஓரத்தில் தொட்டதும் நோயாளி லேசாக முகம் சுளிப்பார். சில நேரம் அந்தச் சுளிப்பு ஒன்றுதான் அடையாளம். அம்மாவுக்குப் போர்ட்டோ கையில் குழாயோ வைத்திருந்தால் நீங்களும் தினம் பாருங்கள். அதில் மருந்தோ சலைனோ செலுத்திய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால் குழாயிலேயே தொற்று இருக்கலாம். உடனே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் அப்படிக் கேட்பதில்லை. "ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு நடுங்குகிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். ஒரு பெரியவர், நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டவர், "கம்பளியை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுப்பேன்மா, அந்த நேரத்துல பிள்ளையை எழுப்பறதா?" என்றார். அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை. மகனின் தூக்கத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். மகனைக் கூப்பிட்டு, அப்பா முன்னாலேயே "எந்த நேரமானாலும் எழுப்புங்கப்பா" என்று சொல்ல வைத்தோம். உங்கள் அம்மாவும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். முதல் கீமோவுக்கு முன்பே அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டு, அவர் வாயால் பதிலைச் சொல்லச் சொல்லுங்கள்.

தொற்றைத் தடுப்பதில் கை கழுவுவதை மிஞ்ச எதுவும் இல்லை. சோப்புப் போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் தேய்த்து. அம்மாவும், அவரைத் தொடுபவர் ஒவ்வொருவரும். சளி, இருமல், அம்மை உள்ளவர்கள் கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டும். கீமோ காலத்தில் அம்மாவுக்கு உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் கூடாது. செயலிழந்த கிருமியில் செய்த ஃப்ளூ ஊசி போடலாம், எப்போது என்று மருத்துவர் சொல்வார். வீட்டில் மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் அம்மாவுக்கும் அது ஒரு கவசம்.

அதற்காக அம்மாவை ஓர் அறையில் பூட்டி வைக்க வேண்டாம். பச்சையாக எதையும் தொடவே கூடாது என்ற கடுமையான பத்தியத்தால் தொற்று குறைவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. நன்றாகக் கழுவிய பழம் சாப்பிடலாம். சரியாக வேகாத இறைச்சி, முட்டை, காய்ச்சாத பால், நெடுநேரம் வெளியே இருந்த உணவு, இவற்றை மட்டும் தவிர்த்தால் பொதுவாகப் போதும். சாப்பாடே பிடிக்காத நேரத்தில் நாமும் சேர்ந்து தடை போட்டால் எடைதான் குறையும். ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை மாற்று போன்றவற்றுக்கு விதி வேறு, அதை அவர்களின் குழுவே சொல்லும்.

வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வாயின் உட்தோலும் வேகமாகப் புதுப்பிக்கும் திசு, அதனால் அதுவும் அடிவாங்கும். ஒரு வாரத்துக்குள் வாய் எரியும், அப்புறம் புண் வரும், விழுங்க முடியாது. கவுன்ட் இல்லாத நேரத்தில் அந்தப் புண் வாயில் இருக்கும் கிருமிகளுக்குத் திறந்த கதவு. புண் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல் முதல் நாளிலிருந்தே மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினம் புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும், வாயை இன்னும் உலர்த்தும். பக்கத்துப் படுக்கைக்காரர் மருந்து ஏறும்போது ஐஸ் துண்டு சப்புவதைப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை வேகமாக ஏற்றும்போது அது வாய்ப்புண்ணைக் குறைக்கும். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே தொண்டையும் விரலும் மரத்துப் போகும், அவர்களுக்கு ஐஸ் கூடாது.

அம்மாவின் மருந்தில் டாக்சோரூபிசின் இருந்தால், ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். அதே மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் எது வந்தாலும் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். "தொந்தரவு கொடுக்க வேண்டாமே" என்று பொறுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

மருந்து ஏறிய 48 மணி நேரம் அவருடைய சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கலாம். கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், கழிப்பறை மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள், அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். ஆனால் கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் தூங்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தொட்டால் ஒட்டும் என்று நினைத்துப் பாட்டியிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து வைப்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். புற்றுநோய் தொட்டால் பரவாது.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுங்கள். சில மருந்துகளுக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைகூடக் குமட்டல் இருக்கும். ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு, தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருக்கலாம், கூப்பிடுங்கள். கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். சோர்வுக்கு நாள் முழுக்கப் படுக்கை மருந்தல்ல. வீட்டுக்குள்ளேயே தினம் கொஞ்சம் நடப்பது சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. அக்குளில் நிணநீர் முடிச்சுகள் எடுத்திருந்தால் அந்தக் கையில் வெட்டு, சூடு, பூச்சிக்கடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை சிவந்து சூடானால் காத்திருக்க வேண்டாம். யாராவது மூலிகை மருந்து கொண்டுவந்து கொடுத்தால் மறைக்காமல் குழுவிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் கீமோவின் அளவையே ரத்தத்தில் மாற்றிவிடும். யாரும் திட்ட மாட்டார்கள்.

தம்பி வீட்டுக்குள் புகைபிடிப்பதாகவும், நிறுத்தச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. நோயாளியே புகைபிடிப்பவராக இருந்தால், "வந்ததே வந்துவிட்டது, இனி விட்டு என்ன" என்ற பேச்சும் தவறு. இப்போது விட்டாலும் காயம் நன்றாக ஆறும், கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும், இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும். தம்பியிடம் குற்றவாளியைப் போலப் பேச வேண்டாம். அம்மாவோடு மருத்துவமனைக்கு வரும் நாளில் எங்களைப் போன்ற ஒருவரிடம் அனுப்புங்கள். நிகோட்டின் பட்டை, சூயிங்கம், மாத்திரை என்று உதவிகள் உண்டு. ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் வந்திருக்கும் நேரத்தில்தான் மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. புகையிலை, மது, உடல் எடை, எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) மற்றும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் பற்றியெல்லாம் குடும்பத்தோடு பேச இதைவிடச் சரியான நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக உங்களைப் பற்றி. அம்மாவுக்கு 50 வயதுக்குள் நோய் வந்திருந்தாலோ, இரு மார்பிலும் வந்திருந்தாலோ, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தாலோ, அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் கொடுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். அம்மாவுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ என்ற மரபணுவில் கோளாறு இருப்பது தெரிந்தால், அது உங்களுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு, தம்பிக்கும் அதே 50 சதவீதம். ஆண்பிள்ளைதானே என்று அவரை விட்டுவிடாதீர்கள், அந்தக் கோளாறு ஆண்களுக்கும் மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.