வைப்பர் தடதடன்னு ஓடுதா? பிளேடை மாத்துறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வைப்பர் பிளேடு ரெண்டும் மாத்தி ஒரு மாசம்தான் ஆகுது சார். நல்ல மழைன்னா ஒழுங்கா துடைக்குது, தூறல் போட்டா மட்டும் தடதடன்னு குதிச்சுக் குதிச்சு போகுது. கடையில பிளேடு சரியில்ல, வேற போடுங்கன்றாங்க. மறுபடியும் மாத்தணுமா?

பதில்: மாத்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நல்ல மழையில ஒழுங்கா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. பிளேடு நுனியில இருக்கிற ரப்பர் மெல்லிசான உதடு மாதிரி, அது கண்ணாடியில விறைப்பா நிக்காது, ஒரு பக்கமா சாஞ்சு இழுபட்டுட்டே வரும், திரும்பும்போது டபக்குன்னு அந்தப் பக்கம் மடங்கிக்கும். தண்ணி நிறைய இருந்தா வழுக்கிட்டு போயிடும். தண்ணி கம்மியா இருந்து கண்ணாடியில மெழுகோ எண்ணெயோ படிஞ்சிருந்தா ரப்பர் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும், அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது.

இந்தப் படிவு எங்கிருந்து வருதுன்னா, வண்டி கழுவுறப்ப ஷாம்பூவோட சேர்த்து அடிக்கிற வேக்ஸ், முன்னாடி போற வண்டியோட புகை, ரோட்டுல தெறிக்கிற எண்ணெய், இது போக டாஷ்போர்டுக்கு பாலிஷ் போட்ட அதே துணியால கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துடுவாங்களே, அதுவும்தான். தண்ணி ஒட்டாம ஓடணும்னு கண்ணாடிக்கு கோட்டிங் அடிச்சிருந்தாலும் சில நேரம் இதே தடதடப்பு வரும். முதல்ல சோப்புத் தண்ணியால நல்லா கழுவி, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால கண்ணாடி முழுக்க அழுத்தித் துடைங்க, பெயின்ட்ல வழிய விடாதீங்க. ரப்பர் நுனியை ஈரத்துணியால ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு மெதுவா உருவுங்க, துணி கருப்பாகுறது நின்னா போதும். ரொம்ப அழுத்தி உருவ வேணாம், புது ரப்பர் மேல பல கம்பெனிங்க கிராஃபைட் பூச்சு கொடுத்திருப்பாங்க, வழுக்கிட்டு ஓடுறதுக்குன்னே போட்டது அது.

இவ்வளவும் செஞ்சும் ஒரு பக்கம் போகும்போது மட்டும் தடதடங்குதுன்னா கோளாறு கையில, அதாவது பிளேடைப் பிடிச்சிருக்கிற ஆர்ம் லேசா முறுக்கியிருக்கு. அதை மெக்கானிக்கிட்ட காட்டி நேராக்கிக்கங்க, நீங்களே கண்ணாடி மேல வெச்சு முறுக்காதீங்க.

கேள்வி: துடைச்ச பிறகு மெல்லிசா கோடு கோடா நிக்குது. ரப்பர் போயிடுச்சா?

பதில்: கோடு ஒரே இடத்துல வருதான்னு பாருங்க. நுனியில மண்ணு ஒட்டியிருந்தா துடைச்சதும் போயிடும், போகலன்னா அந்த இடத்துல ரப்பர் கிழிஞ்சிருக்கு, மாத்த வேண்டியதுதான். கோடா இல்லாம மங்கலா பனி மாதிரி படர்ந்தா மேல சொன்ன எண்ணெய்ப் படிவு. நடுவுல ஒரு பட்டை அப்படியே துடைக்காம விட்டா பிளேடோட வளைவு கண்ணாடியோட வளைவுக்கு ஒத்துப்போகல, இல்லன்னா ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. பொதுவா 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள மாத்தச் சொல்லுவாங்க, ஆனா வெயில்லயே நிக்கிற வண்டிக்கு, ஓட்டாட்டியும் ரப்பர் இறுகி வெடிச்சிடும், அதனால கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீங்க, ரப்பரைத் தொட்டுப் பாருங்க. இன்னொண்ணு, தூசி படிஞ்ச காஞ்ச கண்ணாடியில தயவுசெஞ்சு வைப்பர் போடாதீங்க. ரப்பர் போனா வேற வாங்கலாம், கண்ணாடியில விழுந்த கீறல் ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்துல கண்ணைக் கூசவெக்கும், அது போகவே போகாது.

கேள்வி: புது கார் வாங்கியிருக்கேன் அண்ணா. பிளேடு மாத்தலாம்னு ஆர்மைத் தூக்கினா பானெட்ல இடிக்குது, தூக்கவே முடியல. எப்படிக் கழட்டுறது?

பதில்: பலத்தைக் காட்டாதீங்க தம்பி, பெயின்ட் போயிடும். இப்போ வர்ற நிறைய கார்ல வைப்பர் பானெட் ஓரத்துக்குக் கீழ மறைஞ்சுதான் இருக்கும், அதுக்குன்னு சர்வீஸ் பொசிஷன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. சில வண்டியில இக்னிஷனை ஆஃப் பண்ணி சில நொடிக்குள்ள வைப்பர் லீவரைத் தட்டணும், சிலதுல டச் ஸ்கிரீன் மெனுவுல இருக்கும், உங்க வண்டிக்கு எதுன்னு மேனுவல்ல தெளிவா போட்டிருக்கும். வைப்பர் ரெண்டும் கண்ணாடி நடுவுல வந்து நின்னுடும், அப்புறம் தூக்குங்க.

பிளேடைக் கழட்டினதும் ஆர்ம் வெறும் இரும்பா நிக்கும், கை தவறினா ஸ்பிரிங் வேகத்துல படார்னு கண்ணாடியில அடிக்கும், ஒரே அடியில விரிசல். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே கண்ணாடி மேல தடிமனா ஒரு துண்டை மடிச்சுப் போடுங்க. முன்கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கிற வண்டின்னா கண்ணாடி மாத்தினா கேமராவையும் மறுபடி கேலிபரேட் பண்ணணும், அதாவது அது பார்க்கிற கோணம் சரியா இருக்கிற மாதிரி செட் பண்ணணும், ஒரு துண்டு போடாததால வர்ற வேலை இது. புது பிளேடு டக்குன்னு சத்தம் கேட்டு உக்காரணும், ஒரு தடவை இழுத்துப் பாருங்க. ரப்பர் மேல பிளாஸ்டிக் உறை இருந்தா எடுத்துடுங்க, அதோடயே ஓட்டிட்டு துடைக்கலன்னு வர்றவங்க நிறைய. ஆர்மை ரெண்டையும் கண்ணாடியில சாய்ச்ச பிறகுதான் வண்டியை ஆன் பண்ணணும்.

கேள்வி: ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் போடலாமா?

பதில்: பல கார்ல ஓட்டுநர் பக்கம் நீளம், 24 இஞ்ச்னா அந்தப் பக்கம் 18 இஞ்ச் மாதிரி இருக்கும். மேனுவல்ல இருக்கிற அளவை மட்டும் போடுங்க. நீளம் கூடினா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், இல்ல ஓரத் தூண்ல மோதும். ஆர்ம்ல மாட்டுற கொக்கியும் வண்டிக்கு வண்டி வேற, பழைய பிளேடைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: வைப்பரைக் கண்டுபிடிச்சது யாருன்னு என் பொண்ணு கேக்குறா. சொல்லுங்களேன்.

பதில்: மேரி ஆண்டர்சன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணின்னு சொல்லுங்கம்மா. 1903ல பேடன்ட் வாங்கினாங்க, உள்ள இருந்தபடியே ஒரு லீவரைக் கையால இழுத்தா வெளியில ரப்பர் பட்டை துடைக்கும். அதுல அவங்களுக்குக் காசு எதுவும் கிடைக்கல, எனக்கு இதை நினைச்சா இன்னும் ஆதங்கமா இருக்கு.

கேள்வி: ஆட்டோ மோடுல போட்டா மழையே இல்லாம வைப்பர் ஓடுது. பிளேடு கோளாறா, சென்சாரா?

பதில்: சென்சார் பக்கம்தான். பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்கிற உள் கண்ணாடி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி முன்கண்ணாடியில ஒட்டியிருக்கிற சென்சார் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குள்ள சாய்வா அனுப்பும், வெளிப்பக்கம் காஞ்சிருந்தா அது முழுசா பிரதிபலிச்சுத் திரும்ப வரும், துளி விழுந்தா கொஞ்சம் வெளியில கசிஞ்சிடும், வர்ற வெளிச்சம் குறைஞ்சா மழைன்னு முடிவு பண்ணிக்கும். அந்த இடத்துல பூச்சி, பறவை எச்சம், அழுக்கு எது இருந்தாலும் ஏமாந்துடும். வெளிப்பக்கம் அந்த இடத்தை நல்லா துடைச்சுப் பாருங்க. சமீபத்துல கண்ணாடி மாத்தியிருந்தா, சென்சாரை ஒட்டுற ஜெல்லுக்கு நடுவுல காத்துக் குமிழ் நின்னிருக்கலாம், ஒட்டினவங்ககிட்டயே காட்டுங்க. வண்டியைக் கழுவ விடும்போது மட்டும் ஆட்டோ மோடை ஆஃப் பண்ணிடுங்க, தண்ணி பட்டதும் தானா ஓட ஆரம்பிச்சா கழுவுறவர் கைதான் நடுவுல மாட்டும்.