நாலு கார்டு வேணுமா, ரெண்டு போதுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 11 கிரெடிட் கார்டுகளின் சலுகை, ஆண்டுக் கட்டணம், என் மாதச் செலவு எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு, சிறந்த விடையைத் தேடித் தரும் அதன் சால்வர் கருவியை ஓட்டினேன். 4 கார்டு வாங்கினால் ஆண்டுக்கு 14,000 ரூபாய் மிச்சம் என்கிறது. ஷீட் இணைத்துள்ளேன். நம்பி வாங்கலாமா? (திருப்பூர்)

பதில்: முறை சரிதானுங்க. 11 கார்டில் எதை வைப்பது, எதை விடுவது என்று பார்த்தாலே 2,048 சேர்க்கை வரும். கார்டுக்கு 0 அல்லது 1 கொடுத்து, 1 வந்த கார்டில் மட்டும் செலவை ஏற்றி, அதன் கட்டணத்தை முழுசாகக் கழிச்சிருக்கீங்க. எந்த ஊரில் குடோன் திறப்பது என்று கம்பெனிகள் போடும் கணக்கும் இதே அச்சுதான். அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் என்ற கணக்கு முறையும், தேறாத கிளையை வெட்டிக்கொண்டே தேடும் 1960-ம் வருஷத்து முறையும் அந்த சால்வர் பட்டனுக்குள்ளே ஓடுது. ஆப்ஷனில் ‘இன்டிஜர் ஆப்டிமாலிட்டி’ 1% என்று இருக்கும், அதை 0 ஆக்குங்க. இல்லாவிட்டால் 14,000-க்கு 140 ரூபாய் முன்பின் இருந்தாலே போதும் என்று நின்னுடும்.

கோளாறெல்லாம் நீங்க உள்ளே போட்ட எண்ணில்தான். பெட்ரோல் கார்டை எடுத்துக்குங்க. மாதம் 5,000-க்கு 4%, அதாவது ஆண்டுக்கு 2,400 வரவு, 1,499 கட்டணம் என்று போட்டிருக்கீங்க. அந்தக் கார்டில் மாதத்துக்கு 100 ரூபாய்க்கு மேல் கிடைக்காது என்று நீங்களே ஓரத்தில் குறிச்சிருக்கீங்க, ஆனா அது கணக்கில் ஏறலை. அப்போ வரவு 1,200. கட்டணத்தோட 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 1,769. லாபம் காட்டிய கார்டு 569 ரூபாய் நஷ்டம்.

அடுத்தது பாயிண்ட். இதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஒரு பாயிண்டை ஒரு ரூபாய்னு போட உங்களுக்கு யார் சொன்னது? 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தருவாங்க, மாற்றப் போனா ஒண்ணு 25 பைசா. 2% என்று நீங்க நினைச்சது அரை சதவீதம். அதையும் மாற்றுவதற்கு 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிற கார்டு உண்டு. வாடகை, வாலட், இன்சூரன்ஸ், பெட்ரோலுக்குப் பாயிண்டே இல்லைன்னு கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பாங்க. ரூபாய்னு சொல்லிட்டா பிடிபட்டுப் போகும் என்றுதான் பாயிண்ட் என்கிறார்கள். நானும் சேர்த்த பாயிண்டை எல்லாம் கொடுத்து ஒரு டிராலி பெட்டி வாங்கினேன். கோயமுத்தூர் ஜங்ஷன் படிக்கட்டிலேயே சக்கரம் கழண்டு ஓடிடுச்சு.

எண்களைத் திருத்திட்டு, மொத்தக் கார்டு மூணுக்கு மேல் கூடாது, ரெண்டுக்கு மேல் கூடாது என்று நிபந்தனை மாற்றி மாற்றி ஓட்டுங்க. நாலாவது போனா குறைவது முன்னூறு நானூறுதான் என்றால், அதுக்காக இன்னொரு கெடு தேதியைக் கட்டிக்கிட்டு அழணுமா? ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒரு மாசம் மறந்தா லேட் ஃபீஸ், வட்டி, ரெண்டுக்கும் ஜிஎஸ்டி. அந்தச் செலவு சால்வருக்குத் தெரியாதுங்க.

கேள்வி: ஜவுளிக்கடையில் கார்டு தேய்த்தால் 2% கூடக் கேட்கிறார்கள். என் கார்டில் 1% கேஷ்பேக். தேய்க்கலாமா? (ஈரோடு)

பதில்: ரொக்கமாகக் கொடுங்க.

கேள்வி: மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டிவிடுவேன். 5% கேஷ்பேக் தரும் கார்டு எது? (பொள்ளாச்சி)

பதில்: உங்களுக்கு எந்தக் கார்டும் ஆகாது. மாதம் 3.5% வட்டின்னு வெச்சாலும், அதுக்கு மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13%. பாக்கி நிற்கும்வரை புதுசா வாங்கும் அரைக்கிலோ காபித்தூளுக்கும் வாங்கின அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். பாக்கியை முழுசாக் கட்டி முடிச்ச பிறகு எழுதுங்க.

கேள்வி: கட்டணத் தள்ளுபடி கிடைக்க மார்ச் 31-க்குள் இன்னும் 18,000 செலவாக வேண்டும். கட்டணம் 1,180. என்ன வாங்கலாம்? (கரூர்)

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க, 1,180-ஐக் கட்டுங்க. எங்க வீட்டுப் பரணில் இப்படி வாங்கின ரொட்டி மேக்கர் ஒன்று இருக்கு, வேணுமா? மார்ச் 31 என்று யார் சொன்னது? பெரும்பாலும் கார்டு கொடுத்த தேதியிலிருந்துதான் ஆண்டு எண்ணுவாங்க. கஸ்டமர் கேரில் கேளுங்க.

கேள்வி: கணவர் காலமான பின் டெபாசிட்டை என் பெயருக்கு மாற்ற வங்கிக்குப் போனேன். நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கேட்காத கிரெடிட் கார்டு வந்தது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இப்போது 590 ரூபாய் பில். கட்டாவிட்டால் பெயர் கெடுமா? (கோபி)

பதில்: ஒரு பைசா கட்டாதீங்கம்மா. துக்க வீட்டுக்காரரிடம் தாளோட தாளா கார்டை நுழைத்தவங்கதான் பயப்படணும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி கேட்காத கார்டைக் கொடுக்கவே கூடாது. அதுக்குக் கட்டணம் போட்டிருந்தா அதை நீக்கி, அதைப்போல இரண்டு மடங்கு உங்களுக்கே தரணும், அதாவது 1,180. 30 நாள் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு ஓடிபி மூலம் சம்மதம் கேட்கணும். சம்மதம் வரலைன்னா 7 வேலை நாளில் செலவில்லாம மூடணும். ஆக்டிவேட் ஆகும் முன்னே, கடன் வரலாற்றைப் பதிவு செய்கிற சிபிலுக்குத் தெரிவிக்கவும் கூடாது. இதை எல்லாம் தமிழிலேயே எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. போனில் ஓடிபி கேட்டா மட்டும் சொல்லிடாதீங்க, அதையே சம்மதம்னு எழுதிக்குவாங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்குப் போங்க, கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448-க்குப் போன் போடுங்க. பிரிக்காத அந்த உறையைப் பத்திரமா வெச்சிருங்க, சாட்சி அதுதான்.