வேலையின் தலையும் வாலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

பினாங்கு பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். மகன் இரண்டாம் படிவத்திலும் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டிலும் படிக்கிறார்கள். நானும் கணவரும் தொழிற்சாலையில் வேலை செய்வதால், மாலையில் மாமியார்தான் பிள்ளைகளோடு இருக்கிறார். சென்ற பள்ளி விடுமுறையில் சமையல், துணி மடித்தல், வீடு கூட்டுதல் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை. சொன்னால் செய்கிறார்கள், சொல்லாவிட்டால் எதுவும் நடப்பதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நானே செய்துவிடுகிறேன். டியூஷனுக்கே நேரம் போதவில்லை என்கிறார்கள் பிள்ளைகள். ஆண் பிள்ளைக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்கிறார் மாமியார். இவற்றையெல்லாம் வீட்டில் எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாயான் பாரு

அன்புள்ள சகோதரிக்கு,

'சொன்னால் செய்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளைகளிடம் நாம் பெரும்பாலும் ஒரு வேலையின் நடுப்பகுதியை மட்டுமே கொடுக்கிறோம். என்ன தேவை என்று கவனிப்பது, எப்போது தொடங்குவது என்று முடிவெடுப்பது, முடிந்தபின் பாத்திரம் கழுவி இடத்தைத் துடைப்பது ஆகிய தலையும் வாலும் தாயின் கையிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் வீட்டை நடத்தும் திறமை அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கிறது.

எனவே அட்டவணையைக் கிழித்துவிட்டு, ஒரே ஒரு வேலையை முழுமையாக ஒப்படைத்துப் பாருங்கள். இரவுச் சோறு மகனுடைய பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அரிசி குறைந்தால் இரண்டு நாளுக்கு முன்பே சொல்ல வேண்டியவன் அவன். இன்று எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டு அளக்க வேண்டியவனும் அவனே. களைந்த அரிசிக்கு மேல் ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்பதையும், பாத்திரத்தின் அடியைத் துடைக்காமல் ஈரத்தோடு குக்கருக்குள் இறக்கினால் சூடாகும் தட்டில் சடசடவென்று சத்தம் வரும் என்பதையும் ஒருமுறை உடன் நின்று காட்டிவிடுங்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒருநாள் சோறு குழையும். இன்னொரு நாள் சுவிட்சைத் தட்ட மறந்து, எட்டு மணிக்கு மூடியைத் திறந்தால் ஊறிய அரிசி இருக்கும். அன்று நீங்கள் ரொட்டி சானாய் வாங்கிவந்து நிலைமையைச் சரிசெய்துவிடக் கூடாது. சோறு வேகும்வரை எல்லோரும் பசியோடு காத்திருப்பதே அவனுக்குப் போதுமான பாடம்; வசைமொழி எதுவும் தேவையில்லை. பெற்றோருக்குத்தான் இது கடினமான பயிற்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேரமில்லை என்ற பதிலை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும் மூன்றாம் படிவ மாணவர்கள் எழுதிய பிடி3 தேர்வு 2022-இலும் ரத்தாகிவிட்டன. டியூஷன் மட்டும் குறைந்தபாடில்லை. பள்ளி பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. நம்மில் பலர் இடைநிலைப்பள்ளியில் 'கெமாஹிரான் ஹிடுப்' என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தில் மூன்று முள் பிளக்குக்குக் கம்பி பொருத்தியிருக்கிறோம். பச்சை மஞ்சள் கோடு போட்ட கம்பி எங்கே போக வேண்டும் என்பது இன்றும் கைக்கு நினைவிருக்கிறது. 2017-இல் முதலாம் படிவத்தில் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தில் அந்த இடத்துக்கு 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' வந்துவிட்டது. அதுவும் நல்ல பாடம்தான். ஆனால் அது பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மகளிடம் காய்கறி வாங்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில் பாசாருக்குப் போகும்போது 20 வெள்ளியை நோட்டாகவே அவள் கையில் கொடுங்கள். கைப்பேசியை நீட்டிக் கட்டணம் செலுத்தும் பழக்கத்தில் பணம் குறைவது பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. என்ன வாங்குவது என்பதை, முதல் நாள் இரவு குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து அவளே எழுதட்டும். முருங்கைக்காயை இலேசாக முறுக்கிப் பார்ப்பதும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும் பாட்டியிடம் கற்க வேண்டியவை. ஒடிப்பதற்குக் கடைக்காரர் முறைத்தால் அதைச் சமாளிப்பதும் கல்விதான். பேரங்காடி ரசீதில் 12.43 வெள்ளி 12.45 ஆவது ஏன் என்று அவள் கேட்டால், ஒரு சென் நாணயம் வழக்கொழிந்து, 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள் என்று சொல்லுங்கள்.

அலுவலகங்களிலும் இதே முறைதான். அவளுக்கு 12 வயதாகி மைகார்டு அடையாள அட்டை எடுக்கப் பதிவுத் துறைக்குப் போகும்போது, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முகப்பில் கேட்கும் கேள்விகளுக்கு மலாயில் அவளே பதில் சொல்லட்டும். கிளினிக்கில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று மருத்துவரிடம் மகனே சொல்லட்டும்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். நம் பினாங்கில் நாசி கண்டார் கடைகளில் அண்டாவின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் சமைத்ததை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அவரிடம் இதை வாதமாகச் சொல்ல வேண்டாம். வீட்டில் பகை வளர்ப்பது என் நோக்கமன்று. அவர் வைக்கும் ரசத்தைப் பேரனுக்குச் சொல்லித்தரும்படி கேளுங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பிழை செய்து கற்கட்டும் என்றேன். மின்சாரமும் எரிவாயுவும் அதற்கு விலக்கு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சையோ மின்விசிறிச் சுவிட்சையோ தொடக் கூடாது. தீக்குச்சி உரசக் கூடாது. எரிவாயுத் தோம்பின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும். மாலையில் வீட்டில் இருப்பவர்கள் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்தான் என்பதால், ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பி மூடுவது என்பதை இந்த வாரமே மூவரையும் தனித்தனியாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.